விபாசனா, ஆப், எட்டு வாரக் கோர்ஸ், மன்றம், கவுன்சிலிங்: இருபதுகள்ல இருக்கறவங்க எத எடுக்கலாம்?

காலேஜ் முடிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆன பசங்க, பொண்ணுங்க கிட்டேர்ந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது. "சட்டுனு கோவம் வந்துடுது, கத்திடறேன், அப்புறம் ரெண்டு நாளு நானே ஃபீல் பண்றேன், தியானம் பண்ணா சரியாயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எங்க போறதுன்னு தெரியல." ஆபீஸ்ல ஒருத்தர் பத்து நாள் பேசாம உக்காந்து பண்ற விபாசனா தியானத்துக்குப் போயிட்டு வா, வாழ்க்கையே மாறிடும்ங்கறாரு, இன்னொருத்தர் அதெல்லாம் எதுக்கு, ஒரு தியான ஆப் போட்டுக்கோ போதும்ங்கறாரு, அம்மா பக்கத்துத் தெரு மனவளக்கலை மன்றத்துக்குக் கூப்டுட்டே இருக்காங்க, ஃபிரெண்டு ஒருத்தி அவ தெரபிஸ்ட் நம்பர அனுப்பி வெச்சிருக்கா. எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சிட்டு எதுலயும் சேராம மாசக்கணக்குல அப்டியே போயிடுது.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நீங்க ஏமாந்த மாதிரி இருக்கக் கூடாது. கண்ண மூடி உக்காந்தா உள்ள என்ன ஓடுதுன்னு தெரிய ஆரம்பிக்கும், அது பெரிய விஷயம் தான். ஆனா பக்குவம்ங்கறது இன்னொரு மனுஷன் எதிர்ல நிக்கும்போது தான் வரும். அதனால எந்தப் பயிற்சி உங்கள மனுஷங்க கிட்ட திருப்பி அனுப்புதோ அதுக்கு நான் அதிக மார்க் போடுவேன், எது ரூம் கதவ சாத்திக்கறதுக்கு சாக்கு குடுக்குதோ அதுக்கு கம்மி பண்ணுவேன். இத ஒத்துக்கலன்னா கீழ இருக்கற ஒப்பீடு உங்களுக்கு வேற மாதிரி தெரியும், பரவால்ல.

## எத வெச்சு அளக்கறது

பக்குவம்னா சாந்தமான மூஞ்சி கிடையாது. நான் பாக்கறது சின்னச் சின்ன விஷயங்கள் தான். மேனேஜர் ரிவ்யூல ஒரு குறை சொன்னா அன்னிக்கு ராத்திரியே ரிசைன் மெயில் டைப் பண்ணாம இருக்க முடியுதா. புளூ டிக் வந்து மூணு மணி நேரம் ரிப்ளை வரலன்னா அவங்களுக்கு வேற வேல இருக்கலாம்னு தோணுதா. அப்பா உம்முனு இருந்தா அது நம்மளால தான்னு எடுத்துக்காம அவருக்கு என்ன பிரச்சனையோன்னு கேக்க முடியுதா. "நான் பேசினது தப்பு"ன்னு "ஆனா நீயும்"ங்கற வால் இல்லாம சொல்ல முடியுதா. ஒருத்தர் பிடிக்கலன்னு சொல்லிட்டா அத கேட்டுட்டு விலகிக்க முடியுதா.

18லேர்ந்து 25 வரைக்கும் உள்ள காலத்த தனி ஒரு பருவமாவே பாக்கணும்னு ஜெஃப்ரி ஆர்னெட்ங்கற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 2000ல எழுதினாரு. வேல, காதல், வீடு, ஊரு எதுவும் நெலையா இருக்காத காலம். நெத்திக்குப் பின்னாடி இருக்கற, அவசரத்த அடக்கற மூளைப் பகுதியும் இருபதுகளோட நடு வரைக்கும் வளந்துட்டு தான் இருக்கு. அதுக்கு மேல நம்ம ஊர்ல இன்னொண்ணு இருக்கு, சம்பளம் வாங்கி வீட்டுக்குக் காசு குடுக்கற 25 வயசுக்காரன இன்னும் "உனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ற வீடு, 23 வயசுப் பொண்ணு கிட்ட ஜாதகத்த எடுத்துட்டு வர்ற வீடு. இதுல இருக்கறவங்களுக்கு கோவம் வர்றதே கோளாறு இல்ல.

சரி, அளவுகோலுக்கு வருவோம். நான் ஆறு விஷயம் பாக்கறேன்.

- சண்டை நடக்கற அந்த நேரத்துல இது கை குடுக்குமா, இல்ல பாய்ல உக்காந்திருக்கும்போது மட்டும் தானா.
- நம்ம தப்ப நமக்கு சுட்டிக்காட்ட எதிர்ல ஒரு ஆளு இருக்கா.
- எவ்ளோ நேரம், எவ்ளோ லீவு.
- காசு. வெளிய சொல்ற காசு, சொல்லாத காசு ரெண்டும்.
- ஏற்கனவே மனசு அடிபட்டு இருக்கறவங்களுக்கு இது ஆபத்தா.
- ஆறு மாசம் கழிச்சும் நிக்குமா.

ஈஷாவோட சாம்பவி, வாழும் கலையோட சுதர்சன க்ரியா எல்லாம் ஏன் இல்லன்னு கேப்பீங்க. அது ரெண்டும் மூச்ச ஒரு வரிசையில இயக்கற க்ரியா, வேற வகை. இங்க நான் எடுத்திருக்கறது கவனிக்கறத மையமா வெச்ச வழிகளையும், அதுக்குப் பதிலா நிறைய பேர் யோசிக்கற கவுன்சிலிங்கையும் தான்.

| | சண்டை நேரத்துல | சுட்டிக்காட்ட ஆள் | நேரம் | காசு | ஆபத்து | தங்குமா |
|---|---|---|---|---|---|---|
| ஆப் | கொஞ்சம் | இல்ல | தினம் 10 நிமிஷம் | இலவசம் இல்லனா வருஷ சந்தா | கம்மி | பெரும்பாலும் இல்ல |
| பத்து நாள் விபாசனா | நல்லா உதவும், வீட்ல தொடர்ந்தா | பயிற்சி பத்தி மட்டும் | 12 நாள் லீவு, அப்புறம் தினம் 2 மணி நேரம் | கட்டணம் இல்ல | சிலருக்கு அதிகம் | தொடர்றவங்களுக்கு ஆழமா |
| எட்டு வாரக் கோர்ஸ் | நல்லா உதவும் | டீச்சர், குரூப் | வாரம் ரெண்டரை மணி, தினம் 45 நிமிஷம் | பல ஆயிரம், இலவச வழியும் இருக்கு | நடுத்தரம் | ஓரளவு |
| மனவளக்கலை மன்றம் | அகத்தாய்வு (தன்னையே எழுதி ஆராயறது) வரைக்கும் போனா நல்லா | உண்டு, நேர்ல | காலை இல்லனா மாலை வகுப்பு | ரொம்ப கம்மி | கம்மி | மன்றம் பக்கத்துல இருந்தா |
| கவுன்சிலிங் | ரொம்ப நேரடியா | முழுசா | வாரம் ஒரு மணி நேரம் | தனியார்ல அதிகம், அரசுல இலவசம் | நல்ல ஆள் கெடைச்சா கம்மி | நல்லாவே |

டேபிள மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, விஷயமே கீழ தான் இருக்கு.

## ஆப்

இதுல ரொம்ப சொல்றதுக்கு இல்ல. ஹெட்ஸ்பேஸ் 2010ல வந்துச்சு, பௌத்தத் துறவியா இருந்து திரும்பி வந்த ஆண்டி புடிகோம்ப் தொடங்கினது, அடுத்து 2012ல காம் (Calm)ங்கற ஆப். இன்சைட் டைமர்ல இலவசமாவே ஏகப்பட்டது இருக்கு. ராத்திரி தூக்கம் வரல, இன்டர்வியூக்கு முன்னாடி நெஞ்சு படபடங்குது, இதுக்கெல்லாம் ஆப் நல்ல வேல செய்யும். பிஜி ரூம்ல மூணு பேரோட இருக்கறவங்களுக்கு ஹெட்ஃபோன் மாட்டிட்டு பத்து நிமிஷம் கெடைக்கறதே பெரிய விஷயம்.

பிரச்சனை என்னன்னா யாரும் தொடர்றது இல்ல. மனநல ஆப்கள எத்தன பேர் உண்மையிலயே யூஸ் பண்றாங்கன்னு 2019ல வெளியான ஒரு ஆய்வு பாத்துச்சு, இறக்கினவங்கள்ல ஒரு மாசம் கழிச்சும் தெறக்கறவங்க நூத்துக்கு மூணு நாலு பேர் தான். சொல்லாத செலவும் இங்க தான் ஒளிஞ்சிருக்கு, ஃப்ரீ டிரையல் முடிஞ்சதும் வருஷ சந்தா தானா கார்டுலேர்ந்து போயிடும், கேன்சல் பண்ண மறந்தவங்க ஏராளம். இன்னொரு செலவு, தியானம் பண்ணப் போன எடுக்கறீங்க, மேல வாட்ஸப் நோட்டிஃபிகேஷன் நிக்குது, அவ்ளோ தான்.

நீங்க கோவப்பட்டு தங்கச்சிய அழ வெச்சது ஆப்புக்குத் தெரியாது. நாப்பது நாளா விடாம பண்றீங்கன்னு பச்சை டிக் போட்டு பாராட்டும், அன்னிக்குக் காலைல வீட்ல என்ன பேசினீங்கன்னு அது கேக்காது. ருசி பாக்க, பழக்கம் ஆரம்பிக்க எடுத்துக்கலாம். இது மட்டுமே போதும்னு நெனச்சா போதாது.

## பத்து நாள் விபாசனா

இதப் பத்தி தான் அதிகமா கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா.

எஸ்.என். கோயங்கா, பர்மால மாண்டலேல 1924ல பொறந்த வியாபாரி, சயாஜி ஊ பா கின்கிட்ட கத்துக்கிட்டு 1969ல இந்தியாவுக்கு வந்து கத்துக்குடுக்க ஆரம்பிச்சாரு. மகாராஷ்டிரால இகத்புரில இருக்கற தம்ம கிரி தான் தலைமை மையம் மாதிரி. சென்னைக்காரங்களுக்கு திருமுடிவாக்கத்துல தம்ம சேது இருக்கு. கட்டணம் கிடையாது, சாப்பாடு தங்கறது எல்லாம் ஏற்கனவே கோர்ஸ் முடிச்சவங்க குடுத்த நன்கொடைல நடக்குது, நீங்களும் முடிச்ச பிறகு விருப்பப்பட்டா குடுக்கலாம்.

காலைல நாலு மணிக்கு மணி அடிக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்குக் கிட்ட உக்காரணும். பேச்சு கிடையாது, கண்ண பாக்கறது கூட கூடாது, ஃபோன் வாங்கி வெச்சுடுவாங்க, படிக்க எழுத எதுவும் கிடையாது. புதுசா வர்றவங்களுக்கு சாயங்காலம் டீயும் பழமும் தான், ராத்திரி சாப்பாடு இல்ல. முதல் மூணு நாளு மூக்குக்கிட்ட மூச்ச மட்டும் பாக்கறது, நாலாவது நாளு தான் தலைலேர்ந்து கால் வரைக்கும் உடம்புல வர்ற உணர்ச்சிகள ஒண்ணொண்ணா பாக்க சொல்லித் தருவாங்க, அதுலேர்ந்து தினம் மூணு தடவ ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும். முட்டி வலி உயிர் போகும், வலிச்சாலும் சும்மா பாரு, அரிச்சாலும் சொறியாம பாரு, வந்தது போயிடும்ங்கறது தான் மொத்தப் பாடமே.

இதோட பலம் நெஜமாவே பலம். கோவம் வரும்போது முதல்ல நெஞ்சுல சூடு ஏறுது, தாடை இறுகுது, அப்புறம் தான் வார்த்தை வருதுன்னு உடம்பு வழியா ஒரு தடவ தெரிஞ்சுட்டா அந்தச் சின்ன இடைவெளி உங்க கைக்கு வந்துடும். இத புக்குல படிச்சு வர வெக்க முடியாது, நாலஞ்சு நாளு வலியோட உக்காந்தவங்களுக்கு வரும்.

இப்ப விலைப் பட்டியல். பேரு பத்து நாள் தான், ஆனா முந்தின நாள் சாயங்காலமே போய் சேரணும், பதினோராவது நாள் காலைல தான் வெளிய வருவீங்க, ஆக 12 நாள் காலண்டர்ல போயிடும். ஐடி கம்பெனில சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகாதவங்களுக்கு இவ்ளோ லீவு ஒண்ணா கெடைக்கறதே கஷ்டம், இடமும் சீக்கிரம் நெறைஞ்சுடும். வெளிய வந்த பிறகு காலைல ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி தினம் உக்காரணும்ங்கறது அவங்க எதிர்பார்ப்பு. வேளச்சேரிலேர்ந்து சிறுசேரிக்கு கேப்ல போயிட்டு வர்றவங்க அத எவ்ளோ நாளு பண்ணுவாங்கன்னு நீங்களே யோசிங்க. பாதி பேருக்கு இது வருஷத்துக்கு ஒரு தடவ பேசற அனுபவமா மட்டும் மிஞ்சுது.

மத்தியானம் ஆசிரியர தனியா பாத்து சந்தேகம் கேக்கலாம், ஆனா அது பயிற்சி பத்தி தான். அப்பா சின்ன வயசுல அடிச்சது உள்ளேர்ந்து கெளம்பி வந்தா அதையும் சும்மா பாருன்னு தான் சொல்வாங்க. அந்த முறைக்கு அது சரி. ஆனா இங்க தான் ஆபத்தும். பிரௌன் பல்கலைக்கழகத்துல வில்லோபி பிரிட்டன் குழு தியானம் பண்றவங்க, கத்துக்குடுக்கறவங்கன்னு நூறு பேருக்குக் கிட்ட பேட்டி எடுத்து 2017ல வெளியிட்டாங்க. பயம், தூக்கம் போறது, பழைய அடி திரும்ப கண்ணுக்கு முன்னாடி நடக்கற மாதிரி இருக்கறது, தான் தான் இல்லங்கற மாதிரி ஒரு உணர்வு, இப்டி பட்டியல் நீளம். எல்லாருக்கும் இது வராது. ஆனா மனச்சோர்வுல இருக்கும்போது, இல்ல பிரேக்கப் ஆகி ரெண்டே வாரத்துல, இங்க ஓடிப் போறது லைசென்ஸ் எடுக்காதவன் முதல் வண்டிய கொல்லிமலை வளைவுல ஓட்டிப் பாக்கற மாதிரி தான்.

இன்னொண்ணும் கவனிக்கணும். போயிட்டு வந்த சூட்டுல சில பேர் ரொம்ப அமைதி ஆயிடுவாங்க, வீட்ல அம்மா ஏதாவது கேட்டா ஒரு புன்னகை, காதலி அழுதா ஒரு புன்னகை, "எல்லாம் மாறும்"னு ஒரு வரி. எதிர்ல இருக்கறவங்களுக்கு செவுத்துல பேசற மாதிரி இருக்கும். ஆன்மீகத்த சாக்கா வெச்சு தீக்காத மனப் பிரச்சனைய தாண்டிப் போயிடற இந்தப் பழக்கத்தப் பத்தி ஜான் வெல்வுட்ங்கற அமெரிக்க உளவியலாளர் 1980கள்லயே எழுதிட்டாரு, இருபதுகள்ல இது இன்னும் ஈசியா ஒட்டிக்கும், ஏன்னா சண்டை போட்டு சமாதானம் ஆகறத விட விலகி நிக்கறது சுலபம்.

எப்ப இது தான் சரி: தினம் அரை மணி நேரமாவது உக்காந்து கொஞ்ச மாசம் பழக்கம் இருக்கு, மனசு ஓரளவு நெலையா இருக்கு, வேல மாறற இடைவெளில ரெண்டு மூணு வாரம் கைல இருக்கு. அப்ப தாராளமா போங்க.

## எட்டு வாரக் கோர்ஸ்

ஜான் கபட்-ஸின் 1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைல ஆரம்பிச்சது, எம்பிஎஸ்ஆர்னு சொல்வாங்க, அதாவது மைண்ட்ஃபுல்னஸ் (நடக்கறத நடக்கும்போதே கவனிக்கறது) வழியா மன அழுத்தத்த குறைக்கற பயிற்சி. டாக்டருங்க இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு விட்ட நாள்பட்ட வலிக்காரங்களுக்காக வந்த விஷயம். வாரம் ஒரு வகுப்பு ரெண்டரை மணி நேரம், நடுவுல ஒரு முழு நாள், வீட்ல தினம் 45 நிமிஷம். முதல் வகுப்புல ஒரு உலர் திராட்சைய கையில குடுத்து பாரு, மோந்து பாரு, மெதுவா மெல்லுன்னு சொல்வாங்க, சிரிப்பு வரும், ஆனா அங்கேர்ந்து தான் படுத்துட்டு உடம்பு முழுக்க கவனிக்கறது, நடக்கும்போது கவனிக்கறது, கஷ்டமான பேச்சு நடக்கும்போது கவனிக்கறதுன்னு படிப்படியா ஏறுவாங்க. பிடிக்காத ஒரு சம்பவத்த எடுத்து அப்ப உடம்புல என்ன, மனசுல என்ன, என்ன செய்யத் தோணுச்சுன்னு நோட்ல எழுதிட்டு வந்து குரூப்ல பேசணும். இந்த ஒரு வீட்டுப்பாடத்துக்காகவே நான் இத விபாசனாவுக்கு மேல வைப்பேன், முதல் தடவ பண்றவங்களுக்கு.

ஆராய்ச்சி இதுக்குத் தான் அதிகம். 2022ல வெளியான ஒரு ஆய்வுல பதட்ட நோய் இருக்கற 276 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு இந்தக் கோர்ஸ், ஒரு பாதிக்கு எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை குடுத்தாங்க, எட்டு வாரம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் பதட்டம் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருந்துச்சு. (இத படிச்சிட்டு யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, டாக்டர் கிட்ட கேக்காம. அந்த ஆய்வுல இருந்தவங்க வாராவாரம் நேர்ல போய், தினம் முக்கா மணி நேரம் பண்ணவங்க.) கேம்பிரிட்ஜ்ல 616 மாணவர்கள வெச்சு இதே வகை எட்டு வாரப் பயிற்சிய பாத்தாங்க, பரீட்சை நேரத்துல கத்துக்கிட்டவங்களுக்கு மன உளைச்சல் கம்மியா இருந்துச்சு.

சொல்லாத செலவு ரெண்டு. ஒண்ணு, இங்க நடக்கறது பெரும்பாலும் ஆன்லைன்ல, இங்கிலீஷ்ல. உள்ளுக்குள்ள நடக்கறத வேற மொழில சொல்லும்போது பாதி வடிகட்டிப் போயிடும், அழுக வர்ற இடத்துல வார்த்தை தேடிட்டு இருப்பீங்க. ரெண்டு, 45 நிமிஷம். முதல் வாரம் பண்ணுவீங்க, மூணாவது வாரம் ஆபீஸ்ல புராஜெக்ட் ரிலீஸ் வந்துடும், அப்புறம் குற்ற உணர்ச்சியோட வகுப்புக்குப் போவீங்க. காசு பல ஆயிரம் ஆகும், ஆனா பலூஸ் மைண்ட்ஃபுல்னஸ்னு ஒரு வெப்சைட்ல இதே எட்டு வாரத்த இலவசமா வெச்சிருக்காங்க, தனியா பண்ணிக்கலாம். தனியா பண்ணா அந்த குரூப் போயிடும், அது தான் இதோட பாதி மதிப்பு, அதனால ஒரு ஃபிரெண்ட சேத்துக்கிட்டு வாரம் ஒரு நாள் பேசிக்கோங்க.

45 நிமிஷம் முடியவே முடியாதுன்னா டியூக் பல்கலைக்கழகத்துல மாணவர்களுக்குன்னே செஞ்ச கோரு முறை இருக்கு, 75 நிமிஷ வகுப்பு நாலு, தினம் பத்து நிமிஷம். நம்ம பக்கம் கத்துக்குடுக்கறவங்கள தேடித் தான் புடிக்கணும்.

எப்ப இது தான் சரி: பதட்டம் தான் முக்கியப் பிரச்சனை, அறிவியல் ஆதாரம் இல்லாம எதுலயும் மனசு ஒட்டாது, சாமி பேச்சு அலர்ஜி, சாயங்காலத்துல ஒரு மணி நேரத்த யார் கிட்டயும் விடாம வெச்சுக்க முடியும்.

## மனவளக்கலை மன்றம்

இத இளசுங்க பட்டியல்லயே சேக்கறது இல்ல, ஏன்னா இது அம்மா அப்பா போற இடம். எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு, கோவத்த நேரடியா பாடத்திட்டத்துல வெச்சிருக்கற ஒரே இடம் இந்தப் பட்டியல்ல இது தான்.

வேதாத்திரி மகரிஷி, 1911ல கூடுவாஞ்சேரில நெசவுக் குடும்பத்துல பொறந்தவர், தறி ஓட்டி, தொழில் நடத்தி, நட்டப்பட்டு, குடும்பத்தோட இருந்தே இத உருவாக்கினவர். 1958ல உலக சமுதாய சேவா சங்கம், அப்புறம் பொள்ளாச்சி பக்கத்துல ஆழியாறு. துறவு போகச் சொல்லல, மனைவிய வாழ்த்தறதுக்குன்னே ஆகஸ்ட் 30ல ஒரு நாள் வெச்ச ஆளு. இன்னிக்கு தமிழ்நாட்ல கொஞ்சம் பெரிய ஊர் எதுக்குப் போனாலும் ஒரு மன்றமோ அறக்கட்டளையோ இருக்கும்.

போனா முதல்ல எளியமுறை உடற்பயிற்சி, கைப் பயிற்சி, கால் பயிற்சி, மகராசனம், கடைசில உடல் தளர்த்தல். அப்புறம் புருவ நடுவுல ஆக்கினை தவம், தொடர்ந்து சாந்தி தவம். இது வரைக்கும் எல்லா இடத்துலயும் கெடைக்கற மாதிரி தான். அதுக்கு மேல அகத்தாய்வுன்னு ஒண்ணு வரும், எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல்னு. பேப்பரும் பேனாவும் குடுத்து உக்கார வெப்பாங்க. யார் யார் மேல கோவம் வருது, எப்ப வருது, எதனால வருது, அதுல என் எதிர்பார்ப்பு என்ன, எழுது. அதுல ஒரு ஆள எடுத்துக்கோ, இனிமே அவர் கிட்ட எப்டி நடந்துக்கப் போறன்னு முடிவு பண்ணு, தவத்துல அவர வாழ்த்து. பேரு பேரா எழுதும்போது தான் தெரியும், பட்டியல்ல ஆபீஸ் ஆளுங்க யாரும் இல்ல, எல்லாம் ஒரே வீட்ல இருக்கற நாலு பேரு தான்னு. உணர்ச்சிக்குப் பேரு வெச்சாலே அதோட சூடு குறையுதுன்னு 2007ல மேத்யூ லீபர்மேன் குழு மூளை ஸ்கேன் வெச்சுக் காட்டினாங்க, மன்றத்துல அதுக்கு ரொம்ப முன்னாடியே நோட்டு போட்டு எழுதிட்டு இருந்தாங்க.

எல்லாம் தமிழ்ல. காசும் பெருசா ஆகாது. தொடர்ந்து நாலு நாளு வரலன்னா "எங்க தம்பி ஆளையே காணோம்"னு கேக்க ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் இருப்பாரு, அந்தக் கேள்விக்கு எந்த ஆப் நோட்டிஃபிகேஷனும் ஈடாகாது.

இப்ப மறுபக்கம். வகுப்புல பாதிக்கு மேல உங்க பெற்றோர் வயசு. வான்காந்தம், ஜீவகாந்தம், காயகல்பம்னு தத்துவமும் கூடவே வரும், இயற்பியல் படிச்சவங்களுக்கு நெளிய வெக்கும். உங்களுக்கு வேணும்ங்கறத எடுத்துக்கிட்டு மத்தத மரியாதையா கேட்டுட்டு வந்துடலாம், யாரும் பரீட்சை வைக்கப் போறது இல்ல. நெஜமான குறை வேற. சினத்த தவிர்க்கணும், விட்டுக்குடுக்கணும், அனுசரிக்கணும்ங்கறது ரெண்டு பேரும் சம பலத்துல இருந்தா அழகா வேல செய்யும். அடிக்கற அண்ணன், சம்பளத்த புடுங்கிக்கற வீடு, கல்யாணத்துக்கு நெருக்கற சொந்தம், இங்க இருக்கற ஒரு பொண்ணுக்கு வாழ்த்தும் அனுசரிப்பும் மட்டும் சொல்லிக் குடுத்தா அது அவள இன்னும் உள்ள தள்ளும். சில கோவம் கேக்கப்பட வேண்டிய கோவம். இந்தக் குறை மன்றத்துக்கு மட்டும் சொந்தம் இல்ல, எல்லாத் தியான இடத்துலயும் இருக்கு, ஆனா குடும்ப அமைதி பத்தி அதிகம் பேசற இடத்துல கொஞ்சம் உஷாரா இருக்கணும்.

எப்ப இது தான் சரி: வீட்ல தான் கோவம் அதிகம் வருது, வீடு மோசமான வீடு இல்ல, சும்மா உரசல் தான், கைல காசு இல்ல, தனியா ஒண்ண தொடர்ந்து பண்ற ஆளு நீங்க இல்ல. டிஎன்பிஎஸ்சிக்கு வீட்லயே இருந்து படிக்கறவங்களுக்கு இத நான் முதல்ல சொல்வேன், காலைல ஒரு மணி நேரம் வெளிய போக ஒரு காரணமாவது கெடைக்கும்.

## கவுன்சிலிங்

இது தியானமே இல்லையேன்னா ஆமா இல்ல தான். ஆனா "தியானத்துக்குப் போகவா"ன்னு கேக்கற நிறைய பேருக்கு உண்மையில தேவைப்படறது இது தான். தெரபிஸ்ட் பத்து நிமிஷம் லேட்டா வந்தா உங்களுக்கு வர்ற எரிச்சல அங்கயே, அந்த ஆள் கிட்டயே பேசலாம், அவங்க ஓடவும் மாட்டாங்க, திருப்பி கத்தவும் மாட்டாங்க. கஷ்டமான பேச்ச பேசிப் பாக்க இத விட பத்திரமான எடம் கெடைக்காது. நல்ல ஆளா இருந்தா மூச்சு கவனிக்கறது, உடம்ப கவனிக்கறதும் கூடவே சொல்லித் தருவாங்க.

காசு தான் முதல் தடை, நகரத்துல தனியார்ல ஒரு மணி நேரத்துக்கு ஆயிரம், ரெண்டாயிரம்னு ஆகும், ஒண்ணு ரெண்டு தடவைல முடியாது. முதல் ஆள் ஒத்து வரலன்னா மறுபடி முதல்லேர்ந்து கதை சொல்லணும், அந்த அலுப்புலயே பாதி பேர் நின்னுடறாங்க, அது தான் பெரிய மறைமுக செலவு. யாரு வேணா கவுன்சிலர்னு போர்டு மாட்டிக்கற நெலம இருக்கறதால படிப்பு என்னன்னு கேளுங்க, மருத்துவ உளவியலாளர்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்சிஐ) பதிவு எண் இருக்கும், கேட்டா கோச்சுக்கறவங்க கிட்ட போகாதீங்க.

காசு இல்லன்னா வழி இல்லன்னு இல்ல. டெலி மானஸ்ங்கற மனநல ஃபோன் உதவி, நம்பர் 14416, மத்திய அரசு 2022 அக்டோபர்ல தொடங்கினது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. சென்னைல கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துல புறநோயாளிப் பிரிவு இருக்கு, சினிமால காட்டற இடம்னு நெனச்சு பயப்படாதீங்க, காலைல டோக்கன் போட்டு டாக்டர பாத்துட்டு வேலைக்குப் போறவங்க நிறைய பேரு. அங்க கூட்டம் அதிகம், ஒரு மணி நேரம் நிதானமா பேசற வசதிய எதிர்பாக்க முடியாது, அதையும் சொல்லிடறேன்.

எப்ப இது தான் சரி: தூக்கம், சாப்பாடு ரெண்டு வாரத்துக்கு மேல கெட்டுப் போச்சு, செத்துடலாம்னு தோணுது, கைய கிழிச்சுக்கறது மாதிரி ஏதாவது நடக்குது, சின்ன வயசுல நடந்த ஏதோ ஒண்ணு திரும்பத் திரும்ப வருது, கோவத்துல பொருள உடைக்கறீங்க இல்ல ஆள அடிக்கறீங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் மேல சொன்ன நாலும் அப்புறம். முதல்ல இது.

## அப்ப யாரு எங்கேர்ந்து ஆரம்பிக்கறது

மோசமா எதுவும் இல்ல, சும்மா சட்டுனு கோவம், சட்டுனு அழுகை, உறவெல்லாம் ரெண்டு மாசத்துல புளிச்சுப் போகுதுங்கறவங்களுக்கு நான் சொல்ற வரிசை: மூணு வாரம் ஏதாவது இலவச ஆப்ல தினம் பத்து நிமிஷம், உக்கார வருதான்னு பாக்க மட்டும். வந்துச்சுன்னா மன்றம் இல்லனா எட்டு வாரம், ரெண்டுல எது வீட்டுக்குப் பக்கமோ, எந்த மொழில அழ வருமோ அது. அடுத்த வருஷம் வேணும்னா விபாசனா. நேரா விபாசனாவுல குதிச்சு நல்லா ஆனவங்களும் இருக்காங்க, எனக்குத் தெரியும், அவங்க கதை தான் நமக்கு அதிகம் கேக்கும், நாலாவது நாள் பைய தூக்கிட்டு வந்தவங்க பொதுவா பேசறது இல்ல.

லவ் பிரேக்கப்ல இருக்கறவங்களுக்கு, கவுன்சிலிங் பகுதில சொன்ன அறிகுறி எதுவும் இல்லன்னா, இப்போதைக்கு அஞ்சுல எதுவும் அவசரம் இல்ல. நல்லா தூங்கி, ஃபிரெண்ட்ஸ் கூட சுத்தி, ரெண்டு மாசம் போகட்டும். அப்பவும் அதே எடத்துல நின்னா கவுன்சிலிங்.

பெத்தவங்களும் இத படிக்கலாம், அதனால ஒண்ணு. பையன கட்டாயப்படுத்தி எதுலயும் சேக்காதீங்க. இங்கிலாந்துல ஸ்கூல் பசங்க எட்டாயிரம் பேருக்கு மேல வெச்சு மைண்ட்ஃபுல்னஸ் சொல்லிக் குடுத்த ஒரு பெரிய ஆய்வோட முடிவு 2022ல வந்துச்சு, வழக்கமா ஸ்கூல்ல நடக்கற வகுப்ப விட எந்த முன்னேற்றமும் இல்ல, பசங்க வீட்ல பயிற்சியே பெருசா பண்ணல. பதிமூணு வயசுக்கே இப்டின்னா இருபத்து மூணு வயசுக்காரன் உங்க கட்டாயத்துக்காக கண்ண மூடி உக்காந்து என்ன நெனச்சிட்டு இருப்பான்னு சொல்லவே வேணாம்.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு வேல பண்ணிக்கோங்க. கடைசியா நடந்த மூணு சண்டைய எழுதி வைங்க, யார் கூட, என்ன வார்த்தை விட்டீங்க, எத்தன நாளு பேசாம இருந்தீங்க, யாரு முதல்ல பேசினது. மூணு மாசம் கழிச்சு புதுசா நடந்த மூணு சண்டைய அதே மாதிரி எழுதி பக்கத்துல வைங்க. சண்டை நின்னிருக்கணும்னு இல்ல, பேசாம இருந்த நாள் குறைஞ்சிருக்கா, முதல்ல போய் பேசினது நீங்களான்னு மட்டும் பாருங்க. முடிஞ்சா கூட இருக்கற தம்பி தங்கச்சிய, இல்ல ரூம்மேட்ட படிக்க சொல்லுங்க, அவங்க மார்க் போடட்டும். ஒரு மாத்தமும் இல்லன்னா வழிய மாத்துங்க, அதே ஆப்ல இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டாதீங்க.

விபாசனா ஃபார்ம் நிரப்பும்போது மாத்திரை, பழைய சிகிச்சை பத்தி கேக்கற எடத்துல உள்ளத உள்ளபடி எழுதுங்க, இடம் கெடைக்காதோன்னு பயந்து மறைக்காதீங்க. மன்றத்துக்குப் போறவங்க சேரும்போதே அகத்தாய்வு எப்ப நடத்துவீங்கன்னு கேட்டு வெச்சுக்கோங்க, தவத்தோட நின்னுட்டா உங்களுக்கு வேண்டிய பாதி வராது. ஆப் போடறவங்க சந்தா முடியற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு அலாரம்.